காற்றின் மீது உலகை ஓடவிட்ட மிருக வைத்தியர்

வாகனத்தின் சுமையைத் தாங்குவது டயரின் இறப்பர் என்றே நம்மிற் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதனைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றாகும். இதனை நடைமுறையில் நிரூபித்துக் காட்டியவர் பொறியியலாளர் அல்லர். குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒருவர். ஜோன் பொய்ட் டன்லொப்பின் பெயர் இன்றும் டயர்களில் பொறிக்கப்படுகின்றது. அப்பெயர் ஈட்டிய செல்வத்தில் அவருக்குக் கிட்டிய பங்கோ சொற்பமே.

ஸ்கொட்லாந்தின் ட்ரெகோர்ன் கிராமத்தில் 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி பிறந்த டன்லொப், எடின்பரோவில் மிருக வைத்தியம் கற்றார். 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் தொழிலைப் பெருக்கிக்கொண்டார். அந்நகரத்து வீதிகள் கருங்கல் பாவியவை. அவற்றில் திண்ம இறப்பர் பூட்டிய முச்சக்கர சைக்கிளை ஓட்டிய அவரது மகன் ஒவ்வொரு கல்லிலும் குலுங்கினான்.

1887இல் டன்லொப் மெல்லிய இறப்பர்த் தகட்டினால் குழாயொன்றைச் செய்தார். அதனை மரவட்டொன்றின் விளிம்பில் துணியால் சுற்றிப் பிணைத்து, உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் நிரப்பினார். பின்பு மகனின் சைக்கிள் சக்கரத்தையும் இதனையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதிவழியில் சாய்ந்தது. காற்றுச்சக்கரமோ முற்றத்தின் எல்லைவரை ஓடி, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது.

சுகத்தைத் தேடியவருக்கு வேகமும் சேர்ந்து கிடைத்தது ஏன்? திண்மச் சக்கரம் கல்லில் ஏறும்போது வண்டி முழுவதும் மேலே தூக்கப்படுகின்றது. அந்தளவு சக்தி வீணாகின்றது. காற்றுச்சக்கரத்திலோ கல் பட்ட இடம் மாத்திரம் உள்வாங்குகின்றது. அச்சு ஏறக்குறைய அதே மட்டத்தில் செல்கின்றது.

1888இல் ஆக்கவுரிமை கிடைத்தது. 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடைபெற்ற போட்டிகளில் இச்சக்கரங்களுடன் ஓடிய வில்லி ஹியூம் வெற்றிகளைக் குவித்தார். அங்கே தம் புதல்வர்கள் தோற்றதைக் கண்ட வர்த்தகர் ஹார்வி டு குரோஸ், அவ்வாண்டிலேயே டப்ளினில் கம்பனியை ஆரம்பிப்பதில் முன்னின்றார். இங்கேதான் விதி குறுக்கிட்டது. இன்னொரு ஸ்கொட்லாந்தியரான ரொபர்ட் வில்லியம் தொம்சன் 1845இலேயே இதே தத்துவத்துக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தமை வெளிவந்தது. டன்லொப்பின் உரிமை செல்லாதாயிற்று. தொம்சன் முந்தியவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரது சக்கரம் கடைத்தெருவை எட்டவில்லை, டன்லொப்பினுடையது எட்டியது. சட்டத்தின் தராசும் வரலாற்றின் தராசும் ஒன்றல்ல என்பதே நமது எண்ணம். 1896இல் அக்கம்பனி 30 இலட்சம் பவுணுக்குக் கைமாறியபோது டன்லொப் அதன் பணிப்பாளராக இருக்கவில்லை.

அவரது கண்டுபிடிப்பு நமது மண்ணையும் தொட்டது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்து கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளுக்குப் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டது டயரே. களுத்துறை, கேகாலைப் பகுதிகளில் விடியுமுன் பால்வெட்டச் சென்ற தென்னிந்தியத் தொழிலாளரின் கதை அங்கிருந்து தொடங்குகின்றது. அது தனியாக எழுதப்பட வேண்டியது.

1921 ஒக்டோபர் 23ஆம் திகதி டப்ளினில் டன்லொப் காலமானார்.

மோட்டார் காருக்குக் காற்றுச்சக்கரத்தைப் பூட்டி 1895இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் ஓட்டத்தில் துணிந்து ஓடியவர்கள் மிஷலின் சகோதரர்கள். அக்காலத்துக் கார் டயர்கள் ஒடுங்கியவை. அவற்றில் காற்றமுக்கம் மிக உயர்வாக இருந்தது. டன்லொப் மறைந்து ஈராண்டுகளுக்குள் அகலமான, அமுக்கம் குறைந்த பலூன் டயர்கள் வந்தன. 1,200 கிலோகிராம் எடையுள்ள காரின் ஒரு சக்கரத்தில் சுமார் 300 கிலோகிராம் இறங்குகின்றது. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கமெனில், வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 22 சதுர அங்குலம். ஓர் அஞ்சலட்டையளவே! காற்றின் கொள்ளளவு கூடினால் குறைந்த அமுக்கமே அதே சுமையைத் தாங்கும், ஓட்டமும் மென்மையாகும். தோற்றத்துக்காகப் பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் பூட்டுவோர், குழியின் அடியை விழுங்கும் காற்றைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள்.

எனினும் மென்மையை நாடி அளவுக்குக் கீழே காற்றைக் குறைப்பது ஆபத்தாகும். டயரின் பக்கச்சுவர் ஓயாது மடங்கிச் சூடேறும். வேகமாகச் செல்லும்போது வெடிக்கவும் கூடும். கூடுதலாக அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், கார் துள்ளும், பிரேக்கின் பிடி தளரும். சரியான அளவைப் பெரும்பாலான கார்களில் சாரதியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வாகனம் ஓடிச் சூடேறுமுன் பார்க்கவேண்டிய அளவு அது.