ஏடு காத்த வாழ்வு: சுவடிப் பாதுகாப்பு நோக்கில் உ.வே. சாமிநாதையர்

முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் உ.வே. சாமிநாதையர் (1855–1942) பெறும் இடம் பலராலும் ஆராயப்பட்டுள்ளது. பாடங்களை ஒப்பிட்ட திறம், குறிப்புரை வகுத்த முறை, முகவுரையின் அமைப்பு ஆகியன அவ்வாய்வுகளில் விரிவாகப் பேசப்பட்டன. ஆயினும், அவர் நூலை மட்டுமன்றி நூலைத் தாங்கிய ஏட்டையும் காத்தவர் என்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. நூலைக் காப்பதும் ஏட்டைக் காப்பதும் ஒன்றல்ல. நூல் அச்சேறியபின் ஏடு தேவையற்றது எனக் கருதப்பட்ட காலத்தில், அச்சேறிய நூலின் ஏட்டையும் பேணியவர் அவர். அவருடைய வாழ்வை இந்நோக்கில் வரிசைப்படுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுச் சூழலில் இளமை

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர்; ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரானபின் ஆசிரியரால் சாமிநாதன் எனப் பெயர் பெற்றார்.

பிள்ளையவர்கள் செய்யுளை வாயாற் சொல்ல, மாணவர் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதுவது அங்கு நிலவிய வழக்கம். இப்பணி சாமிநாதையருக்கும் வாய்த்தது. கேட்டு எழுதுவோன் எங்கே தடுமாறுவான், எந்த எழுத்தை எந்த எழுத்தாக மயங்குவான், ஒரே சொல் இருமுறை வருமிடத்தில் இடையிலுள்ள அடியை எவ்வாறு விடுவான் என்பவற்றை அவர் எழுதும் கையின் பட்டறிவாகவே அறிந்திருத்தல் வேண்டும். 1876இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பயின்றும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லியும் வந்தார். ஆதீனத்துச் சுவடிகள் அவருடைய பிற்காலப் பணிக்கு அடித்தளமாயின.

ஓலையின் இயல்பும் படியெடுக்கும் மரபும்

பனையோலையின் இயல்பை அறியாமல் சாமிநாதையர் எதிர்கொண்ட இடரை உணர இயலாது. ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக வாரி, துளையிட்டு, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றாற் கட்டுவது சுவடியின் அமைப்பு. எழுத்தாணியாற் கீறிய எழுத்து, கரி முதலியவற்றாலாகிய மை தடவிய பின்னரே தெளிவாகப் புலப்படும். ஈரத்தால் பூசணமும், மிகு வறட்சியால் முறிவும், கறையான், இராமபாணம் முதலியவற்றால் துளைகளும் உண்டாகும். அவிழ்த்துக் கட்டும்போதெல்லாம் துளையைச் சுற்றிய பகுதி தேய்ந்து பிளக்கும்.

எனவே, நன்கு பேணப்பட்ட ஓலைக்கும் சில நூற்றாண்டுகளே வாழ்நாள். இதனை முன்னோர் அறிந்திருந்தனர். பழைய ஏடு நைந்தால் புதிய ஏட்டிற் படியெடுத்துக்கொண்டு, பழையதை ஆற்றில் விடுவது அல்லது தீயிலிடுவது வழக்கமாயிற்று. இறந்த பொருளுக்குச் செய்யும் மதிப்பான இறுதிக்கடனே இது. ஆனால், இவ்வழக்கம் படியெடுத்தல் என்னும் முற்செயலை இன்றியமையாததாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுக் கல்வி தளர்ந்து படியெடுப்போர் அருகினர். இறுதிக்கடன் மட்டும் தொடர்ந்தது. சுவடிகள் பேரளவில் அழிந்தமைக்குப் பகைவர் செயலினும் இம்முறிவே பெரிய காரணமாகும்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் உள்ளன எனக் கேட்டுச் சென்ற சாமிநாதையர், அவை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டன என அறிந்து வருந்தினார். ஆடிப்பெருக்கில் நீரில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் அவர் கேள்வியுற நேர்ந்தது. இவற்றைச் செய்தோர் ஏட்டை இகழ்ந்தவரல்லர். அதனைத் தெய்வமாக மதித்தவர்கள். மதிப்பு மட்டும் பாதுகாப்பாகாது என்பதே இந்நிகழ்ச்சிகள் தரும் பாடம்.

சிந்தாமணியும் ஏடு தேடலும்

1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் அந்நகரின் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் கற்றிருந்த அவர்க்கு, அச்சந்திப்பு சீவக சிந்தாமணியின்பால் கவனத்தைத் திருப்பிற்று. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் அந்நூல் சமயநூலாக ஓதப்பட்டு வந்தது. ஏட்டில் விளங்காதவற்றை வாழும் மரபினரிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918) ஆகியன வெளிவந்தன. இவற்றிற்காக அவர் ஊர் ஊராகச் சென்றார். ஏடு வைத்திருந்த குடும்பத்தார்க்கு அது முன்னோர் வைத்துச் சென்ற செல்வம். கலைமகள் வழிபாட்டில் பூசனைக்குரிய பொருள். படிக்க இயலாதவரும் கொடுக்கத் தயங்கினர். வேண்டியும், படியெடுத்துத் திருப்பித் தருவதாக உறுதி கூறியும், மீண்டும் மீண்டும் சென்றும் அவர் ஏடுகளைப் பெற்றார். சுவடி உதவியோரின் பெயர்களை முகவுரையிற் பதிவு செய்தது நன்றியறிதல் மட்டுமன்று. ஒவ்வொரு சுவடியும் யாரிடமிருந்து வந்தது என்னும் வழிமுறைப் பதிவும் ஆகும். பொருளின் உடைமை வரலாற்றைப் பதிதல் இன்றைய அருங்காட்சியகப் பணியின் முதற்கடமையாகக் கொள்ளப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

சிதைவே சான்றாதல்

சாமிநாதையரின் பதிப்புகளிற் காணும் குறைகள் ஏட்டின் உடல்நிலையை உணர்த்துவன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. அவர் 1924இல் வெளியிட்ட பெருங்கதையிலும் முதலும் இறுதியும் இல்லை. சுவடிக்கட்டில் சட்டத்தை ஒட்டிய முதலேடுகளும் கடையேடுகளுமே உராய்வுக்கும் பூச்சிக்கும் முதலில் இரையாவன. ஆதலின், இவ்விழப்புகளுக்குச் சுவடியின் அமைப்பே காரணமாதல் கூடும் எனக் கருத இடமுண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் மறைந்தன. வேறு பல பாட்டுகள் அடி சிதைந்தும் சொல் உதிர்ந்தும் நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாட்டுகள் இல்லை. இவை இடையேடுகள் முறிந்ததையும் ஒடிந்ததையும் காட்டுவன எனலாம்.

இவ்விடங்களில் அவர் தாமே அடி புனைந்து நிரப்பவில்லை. செய்யுளியற்றும் ஆற்றல் அவர்க்கு நிரம்ப இருந்தது. மகாவித்துவானின் மாணவர்க்கு ஓரடியை ஓசை கெடாமல் அமைப்பது எளிது. அங்ஙனம் செய்திருப்பின் படிப்போர் வேற்றுமை அறியார். ஆயினும், சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டி, பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். பழுதுற்ற ஓவியத்தில் இழந்த பகுதியைப் புதிய வண்ணத்தால் மறைக்காமல், இழப்பைப் புலப்பட வைக்கும் இக்காலப் பாதுகாப்பு அறத்தோடு இது ஒத்துச் செல்கிறது.

உதிரி ஏட்டையும் தள்ளாத இயல்பு அவர்க்குப் பயன் தந்தது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் மூன்று மலர்களின் பெயர்கள் அவர் பார்த்த படிகளில் விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்தில் கிடைத்த உதிரி ஏடுகளுள் அப்பகுதி இருந்தது. கட்டிலிருந்து பிரிந்த ஏடு குப்பையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அச்சுக்குப் பின்னும் ஏடு

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார், 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றார், 1919இல் ஓய்வுற்றார். திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். நன்றியின் நினைவாகிய அவ்வில்லம் நாளடைவிற் சுவடிச்சாலையாகவும் ஆயிற்று.

நூல் வெளிவந்தபின்னும் அவர் ஏடுகளைக் கைவிடவில்லை. முதற்பதிப்பை முடிந்த முடிபாக அவர் கருதாமையே இதற்குக் காரணம். சிந்தாமணி 1907இல் திருத்தமுற்று மறுபதிப்பாயிற்று. புள்ளியிடாமலும், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டாமலும் எழுதப்பட்ட ஏட்டில், ஒருமுறை படித்த பாடம் மறுமுறை வேறாகப் புலப்படக்கூடும். அச்சுநூல் ஒரு வாசிப்பை நிலைநிறுத்தும்; ஏடோ பல வாசிப்புகளுக்கு இடந்தரும். ஏட்டை அழிப்பது, பதிப்பாசிரியரின் பிழையைத் திருத்தும் வாய்ப்பையே அழிப்பதாகும். தம் பதிப்பைச் சோதிக்கும் கருவியைத் தாமே பேணி வைத்தது அவருடைய ஆய்வு நேர்மைக்குச் சான்றாகும்.

எனினும், அவருடைய முறைக்கு எல்லையும் உண்டு. பல இல்லங்களிற் சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் சேர்ந்தமையால் ஆய்வு எளிதாயிற்று. அதே வேளையில், ஓரிடத்து நேரும் தீங்கு அனைத்தையும் தாக்கும் நிலையும் உண்டாயிற்று. தனியொருவர் இல்லத்துத் திரட்டு அவர் காலத்திற்குப்பின் நிலைபெற நிறுவனம் தேவைப்பட்டது.

இறுதிக்காலம்

1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1937இல், தம் 82ஆம் வயதில், குறுந்தொகையை வெளியிட்டார். அந்நூலுக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழையவுரை கிடைக்காமையால் தாமே உரை வகுத்தார். தேடியும் கிடைக்காத உரைக்கு மாற்றாக எழுந்த அவ்வுரை, அழிந்த ஏடுகளை நினைவூட்டுவதாகவும் நிற்கிறது. 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்த என் சரித்திரம் முற்றுப்பெறவில்லை. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்ற அவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கு மறைந்தார். மறு ஆண்டு, 1943இல், அவர் பெயரால் நூல்நிலையம் சென்னையில் தோன்றியது. அவர் திரட்டிய சுவடிகளுக்கு நிலையான இடம் வாய்த்தது.

முடிவுரை

சாமிநாதையர் வேதியியல் கற்றவரல்லர். ஓலைக்கு மருந்திடும் ஆய்வுக்கூடம் அவர்க்கு இருந்ததில்லை. ஆயினும், பொருளின் வழிமுறையைப் பதிதல், இழந்ததைப் புனைந்து நிரப்பாமை, உதிரியையும் பேணுதல், மூலத்தைப் படிக்குப் பின்னும் காத்தல் என்னும் நான்கு நெறிகளை அவர் பணியிலிருந்து வகுத்துக்கொள்ளலாம். ஏடுகளை மின்படியாக்கும் முயற்சிகள் பெருகிவரும் இக்காலத்தில், படியெடுத்தபின் மூலம் எதற்கு என்னும் பழைய வினா மீண்டும் எழுகிறது. படி எத்துணைத் தெளிவாயினும், எடுத்தவர் கண்ட அளவே அதில் இருக்கும். அவர் காணத் தவறியது ஏட்டில் மட்டுமே எஞ்சும். அதனைக் காண வரும் அடுத்த வாசகருக்காகவே சாமிநாதையர் ஏடுகளைக் கட்டிவைத்தார் எனலாம்.