தென்னையின் நோயை வானிலிருந்து கண்டவர்

நாட்டின் நெல் விளைச்சல் எவ்வளவு என்பதை அரசு எவ்வாறு அறிகிறது? கிராமக் கணக்கில் உள்ள அடங்கல் பதிவும், மாதிரி வயல்களில் நடத்தப்படும் பயிர் அறுவடைப் பரிசோதனையுமே நெடுங்காலம் இதற்கான வழிகளாக இருந்தன. அந்தக் கணக்கு தலைநகரைச் சென்றடையும் முன்பே தானியம் வியாபாரியின் கிடங்கை அடைந்துவிடும் என்பதை வேளாண் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் நன்கறிவேன். கால்படாத இடத்தையும் வானிலிருந்து அளந்தறியும் தொலையுணர்வுத் துறையின் அருமை அதனாலேயே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அத்துறையின் இந்தியத் தந்தை என்று போற்றப்படுபவர் பி.ஆர். பிஷரோட்டி.

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லங்கோட்டில் 1909-இல் பிறந்தவர் அவர். 1930-களில் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சியும் செய்தார். 1942-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பின்னர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வானிலை மேதை ஜேக்கப் பியர்க்னஸின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றார். புணேயில் வெப்ப மண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரும் அவரே.

இத்துடன் ஓய்வு பெற்றிருந்தாலும் அது நிறைவான வாழ்க்கைதான். ஆனால் 58-ஆவது வயதில், விக்ரம் சாராபாய் தலைமையில் இயங்கிய ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பிஷரோட்டி சேர்ந்தார். ஓய்வூதியர்களாகிய எங்களில் பலர் நடைப்பயிற்சியோடு நின்றுவிடும் வயதில் அவர் ஒரு புதிய அறிவியல் துறையைத் தொடங்கினார்.

அதன் முதல் களம் கேரளத்தின் தென்னந்தோப்பு. 1882 அளவில் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் முதலில் தென்பட்ட வேர் வாடல் நோய், தென்னையை உடனே கொல்வதில்லை. ஆண்டுக்கணக்கில் இளைக்க வைத்து விளைச்சலை உறிஞ்சிவிடும். நோயுற்ற மரங்களைத் தோப்புதோறும் நடந்து, அண்ணாந்து பார்த்து எண்ணுவது முடிகிற காரியமா?

1970-இல் பிஷரோட்டியின் குழு, ஹெலிகாப்டரில் ஹாஸல்பிளாட் கேமராவுடன் காயங்குளம் பகுதித் தோப்புகளின் மேல் பறந்தது. கேமராவில் இருந்தது சாதாரணப் படச்சுருள் அன்று, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருள். நலமான இலை, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலையில் அந்த அளவு குறையும். எனவே படத்தில் நலமான மரத்தின் உச்சி செக்கச்செவேலென்றும், நோயுற்றது மங்கியும் விழுந்தது. வேர் நோய்க்கு வானமே சாட்சியானது. இந்தியாவின் முதல் தொலையுணர்வு ஆய்வு இதுவே.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேர் வாடலுக்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் முழுத்தீர்வில்லை. தீராத நோயைக் கண்டறிவதால் தோப்புக்காரருக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. எந்தத் தோப்பில் எத்தனை மரம் போயிற்று என்பது தெரிந்தால்தான் வெட்டிய மரத்துக்கு இழப்பீடும் மறுநடவுக்கு நாற்றும் திட்டமிட முடியும் என்பது என் விடை. அந்தத் தொகையை ஒதுக்கும் பொறுப்பு, படம் எடுத்தவருடையது அன்று. படத்தைப் பெற்றுக்கொண்ட அரசுகளுடையது. விண்ணிலிருந்து வரும் தகவல் கோப்பில் உறங்குமானால் பழுது கேமராவில் இல்லை.

1972 முதல் 1975 வரை ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் தொலையுணர்வு, செயற்கைக்கோள் வானிலையியல் பிரிவுக்கு இயக்குநராக இருந்தார். அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் 1972 ஜூலையில்தான் ஏவப்பட்டது என்பதை நினைத்தால், நாம் எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டோம் என்பது விளங்கும். நம் சொந்த ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச்சில் பைகோனூரிலிருந்து விண்ணேறியபோது அவருக்கு வயது 79. 2002-இல் அவர் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து, அதே ஆமதாபாத் மையம் உருவாக்கிய கேமரா, சந்திரயான்-1-இல் இருந்து நிலவின் தரையைப் படமெடுத்தது.

முதுமையில் அவர் மனம் மழைநீரிலேயே நிலைத்திருந்தது. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ 100 மணி நேரத்துக்குள் நம் மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டி, ஏரி குளங்களில் அதைப் பிடித்து வைக்கும்படி எழுதிவந்தார். அந்த ஏரிகள் ஆண்டுதோறும் சுருங்கி வருவதையும் இன்று செயற்கைக்கோள் படங்களே காட்டுகின்றன.