வேதாசலம் மறைமலை ஆன கதை

சென்னைக் கடற்கரையில் புறப்பட்டுத் தாம்பரம் போகும் மின்சார ரெயில் பல்லாவரத்தில் நிற்கும். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஏறி இறங்குகிறார்கள். 100 ஆண்டுகளுக்கு முன்பு அது குன்றுகளை ஒட்டிய சிற்றூர். அந்த ஊரில் உட்கார்ந்து, தமிழ் எழுதும் முறையையே மாற்ற முயன்றார் ஒருவர். அவர்தான் மறைமலை அடிகள்.

வேண்டிப் பெற்ற பிள்ளை

அடிகள் 1876-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி நாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தை சொக்கநாத பிள்ளை. தாய் சின்னம்மை. நெடுநாள் பிள்ளை இல்லாத அவர்கள், திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற மகன் இவர். எனவே அந்த மலையின் பெயரையே சூட்டினார்கள். வேதாசலம் என்பதே அவருடைய இயற்பெயர்.

சிறு வயதிலேயே தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தந்தை இறந்தாலும், பள்ளி நின்றாலும், படிப்பு நிற்கவில்லை. நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளை பெரிய தமிழ் அறிஞர். அவரிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். ஆங்கிலமும் வடமொழியும் தம் முயற்சியால் படித்தார்.

மூன்று சொல் விடை

1898-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டார். அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்தான். அப்போது சென்னை நகருக்குள் இருந்தது. அங்கே தமிழ் கற்பித்து வந்தவர் பரிதிமாற் கலைஞர் என்ற சூரியநாராயண சாஸ்திரியார்.

தமிழாசிரியர்கள் இன்றும் வகுப்பில் சொல்லி மகிழும் கதை ஒன்று உண்டு. வேலை கேட்டு வந்த இளைஞரிடம் சாஸ்திரியார் குற்றியலுகரம் பற்றிக் கேட்டாராம். சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரமே குற்றியலுகரம். அதன் வகைகளில் சிலவற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்றாராம். அது தமக்குத் தெரியாது என்று இளைஞர் பதில் சொன்னார். உடனே வேலை கிடைத்து விட்டது!

மற்றவர்கள் திகைத்தார்கள். சாஸ்திரியார் விளக்கினார். பதிலில் இருந்தவை மூன்றே சொற்கள்: அஃது, எனக்கு, தெரியாது. முதல் சொல்லில் குறுகிய உகரம் ஆய்த எழுத்தை அடுத்து வருகிறது. இரண்டாவதில் வல்லின மெய்யை அடுத்தும், மூன்றாவதில் உயிர் ஒலியை அடுத்தும் வருகிறது. கேட்ட எடுத்துக்காட்டுகள் மூன்றும் அந்த விடையிலேயே இருந்தன.

வேலை போனது

அடிகள் 13 ஆண்டுகள் கல்லூரியில் பணி செய்தார். 1902-ல் 'ஞானசாகரம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். சங்க நூலான முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதினார். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் தந்தார்.

பட்டப்படிப்புக்குத் தமிழ் கட்டாயம் இல்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. தமிழாசிரியர்களுக்கு வேலை குறைந்தது. மனைவி மக்கள் உள்ள மனிதர். கையில் பட்டமும் இல்லை. ஆனாலும் 1911-ல் கல்லூரியை விட்டு விலகினார். பல்லாவரத்தில் குடியேறினார். அதே ஆண்டு காவி உடுத்தித் துறவு பூண்டார். பேச்சும் எழுத்தும் அவருக்கு வாழ்வளித்தன.

தோட்டத்தில் பிறந்த இயக்கம்

1916-ம் ஆண்டு. அடிகளும் மகள் நீலாம்பிகையும் தோட்டத்தில் உலாவிக் கொண்டிருந்தார்கள். வள்ளலார் பாடல் ஒன்றை அடிகள் பாடினார். அதில் 'தேகம்' என்று ஒரு சொல் வந்தது. அந்த இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச் சொல் இருந்தால் இன்னும் இனிக்கும் என்றார். அப்படியானால் நாமே இனிப் பிறமொழி கலவாமல் பேசலாமே என்றார் மகள். தனித்தமிழ் இயக்கம் அன்று பிறந்தது.

அடிகள் தம்மிடமிருந்தே தொடங்கினார். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. வேதாசலம், மறைமலை ஆனார். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. முன்பு எழுதிய தம் நூல்களையும் மறுபதிப்பில் திருத்தினார். நீலாம்பிகையும் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் திரட்டி நூலாக்கினார்.

வாக்கியத்தின் முடிச்சு

பெயர்ச் சொல்லை மாற்றுவது எளிது. இரண்டு கருத்துகளை ஒன்றாகக் கட்டும் முடிச்சை என்ன செய்வது? அந்நாளைய பத்திரங்களிலும் கடிதங்களிலும் முடிச்சுகள் கூட வடசொற்களாக இருந்தன. 'வந்த பட்சத்தில்', 'சொன்ன பிரகாரம்', 'படிக்கும் நிமித்தம்', 'வரும் பரியந்தம்' என்று எழுதினார்கள்.

ஆங்கிலத்தில் 'இஃப்', 'பிகாஸ்' என்று முடிச்சு தனிச் சொல்லாக முன்னே நிற்கும். ஸ்பானிய மொழியில் 'சி', 'போர்க்கே' என்பார்கள். தமிழுக்குப் பெரும்பாலும் வினையின் வாலே முடிச்சு. மழை பெய்தால், பெய்ததால், பெய்தாலும். வால் கொஞ்சம் மாறினால் பொருளே மாறி விடுகிறது. முதலாவது நிபந்தனை, இரண்டாவது காரணம், மூன்றாவது தடையை மீறியது.

ஆகவே 'வந்த பட்சத்தில்' என்பதற்கு 'வந்தால்' போதும். 'சொன்னபடி', 'படிக்கும் பொருட்டு', 'வரும்வரை' என்று மற்றவற்றுக்கும் தமிழிலேயே வழி உண்டு. வீட்டில் பாட்டி பேசும்போது இயல்பாக வருபவைதான் இவற்றில் பல. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கும் இவை புரியும்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. மொழிகள் கலப்பது இயற்கை என்றவர்கள் உண்டு. தனித்தமிழ் நடை கடினம் என்றவர்களும் உண்டு. 'பட்சத்தில்' இன்னும் செய்தித் தாள்களில் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் பிரகாரமும் பரியந்தமும் இன்றைய உரைநடையில் அரிது. இது ஒருவர் மட்டும் செய்த வேலை அல்ல. ஆனால் அடிகளின் பங்கு பெரியது.

கடைசி நாட்கள்

பல்லாவரத்தில் அவர் சேர்த்த பெருஞ்செல்வம் புத்தகங்கள்தான். 1937-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் முயற்சி எழுந்தபோது, அதை எதிர்த்து மேடை ஏறினார். 1950-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காலமானார். அவருடைய புத்தகங்களைக் கொண்டு 1958-ல் சென்னையில் மறைமலை அடிகள் நூலகம் அமைந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டுச் சாலையில் போகிறவர்கள் மறைமலை நகரைக் கடந்துதான் போக வேண்டும். கல்லூரி வேலை போனது. வேலை போனாலும் அவர் தமிழை விடவில்லை. விடாததால் அவர் பெயர் ஓர் ஊரின் பெயராக நிற்கிறது.