பைபிளைத் தமிழாக்கியவர் சைவப் பள்ளிக்கூடம் கண்ட கதை!

யாழ்ப்பாணத்தில் ஒரு வாலிபர். நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் உருத்திராட்சம். காலையில் சிவபூசை முடித்துவிட்டு நேரே பாதிரியார் வீட்டுக்குப் போவார். அங்கே உட்கார்ந்து பைபிளைத் தமிழில் எழுதுவார்!

அவர்தான் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர் என்று தமிழ் உலகம் கொண்டாடியவர்.

1822-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி நல்லூரில் பிறந்தார். தந்தை கந்தப்பிள்ளை. தாயார் சிவகாமி. கந்தப்பிள்ளை நாடகம் எழுதுவதில் வல்லவர். ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பாதியில் நின்ற அந்த நாடகத்தை ஒன்பது வயது ஆறுமுகம் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள்.

தமிழைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் கற்றார். ஆங்கிலம் படிக்க வேண்டுமே? அதற்கு மிஷன் பள்ளிக்கூடம்தான் வழி.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் நிலைமை அப்படி. 1816-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்தார்கள். அதற்குச் சற்று முன்பே வெஸ்லியன் பாதிரிமார்கள் வந்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க வேலை. ஆனால் எழுத்தோடு வேதபாடமும் சேர்ந்தே வந்தது. பையன் படித்து முன்னேற வேண்டும். வீட்டுச் சமயமும் போகக்கூடாது. பெற்றோர்கள் திண்டாடினார்கள்.

ஆறுமுகம் சேர்ந்தது பீட்டர் பார்சிவல் என்ற வெஸ்லியன் பாதிரியாரின் பள்ளிக்கூடம். கெட்டிக்கார மாணவனைப் பார்சிவல் கண்டுகொண்டார். இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே அங்கு ஆசிரியர் ஆக்கினார். தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் வைத்துக்கொண்டார். பைபிளை நல்ல தமிழில் பெயர்க்க வேண்டும் என்பது பார்சிவலின் ஆசை. குருவும் சீடரும் பல ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார்கள். திருநீற்றை அழி என்று பாதிரியார் சொல்லவில்லை. சைவ ஆசாரத்தை ஆறுமுகமும் விடவில்லை. அபூர்வமான நட்பு!

மொழிபெயர்ப்பைச் சென்னைக்கு எடுத்துச் சென்று தமிழ்ப் புலவர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் பார்த்துப் பாராட்டினார். 1850-ல் அந்த பைபிள் வெளிவந்தது.

பைபிளை வரி வரியாகப் படித்த ஆறுமுகத்துக்கு ஒன்று புரிந்தது. பாதிரிமார்களுக்குப் பலம் எங்கே இருந்து வருகிறது? அவர்களிடம் பள்ளிக்கூடம் இருக்கிறது. அச்சகம் இருக்கிறது. வாரந்தோறும் பிரசங்கம் இருக்கிறது. சிறு பிள்ளைக்கும் விளங்கும் வினா-விடைப் புத்தகம் இருக்கிறது. சைவர்களிடமோ மலை மலையாய்ச் சாஸ்திரம் ஏட்டில் இருந்தது. பிள்ளைகள் கையில் ஒன்றும் இல்லை.

1847 டிசம்பர் 31-ந் தேதி, வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பேசினார்.

அடுத்த ஆண்டு, 1848-ல், அதே வண்ணார்பண்ணையில் 'சைவப்பிரகாச வித்தியாசாலை' பிறந்தது. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. அந்த ஆண்டே மிஷன் வேலையையும் உதறினார். கூடுதல் சம்பளம் தருவதாகப் பார்சிவல் சொல்லியும் கேட்கவில்லை என்பார்கள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பாடப் புத்தகம்? அச்சு யந்திரம் வாங்க 1849-ல் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தார். கேட்டு மகிழ்ந்த ஆதீனகர்த்தர் 'நாவலர்' பட்டம் சூட்டினார். அப்போது வயது 26!

திரும்பி வந்து அச்சகம் வைத்தார். பிள்ளைகளுக்காகப் 'பாலபாடம்' எழுதினார். முதல் புத்தகத்தில் சின்னச் சின்னச் சொற்கள், சிறு வாக்கியங்கள். வகுப்பு ஏற ஏற வாக்கியம் நீளும், விஷயம் ஆழமாகும். நான்காம் பாலபாடத்தில் கடவுள், ஆன்மா என்று தொடங்கி, கொலை, கள், களவு என ஒவ்வொன்றாக விளக்குவார். சமய அறிவுக்குச் 'சைவ வினாவிடை'. கேள்வி ஒரு வரி. பதில் இரண்டு வரி. பாதிரிமார்களின் முறையேதான்! அதைக் கையாள அவர் கூச்சப்படவில்லை. பெரிய புராணத்தையும் 1852-ல் வசனத்தில் கொடுத்தார். செய்யுளைக் கண்டு மிரண்டவர்கள் வீட்டிலேயே வாசித்துக்கொண்டார்கள்.

பணம்தான் பெரும்பாடு. மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்க உதவி கிடைத்தது. நாவலர் பள்ளிக்கோ பல ஆண்டுகள் கழித்து, 1870-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. 1872-ல் ஒரு சைவ ஆங்கிலப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். சில ஆண்டுகளில் பணமில்லாமல் மூட வேண்டியதாயிற்று.

அவரிடம் குறை சொல்ல ஒன்று உண்டு. சிறு குறை அல்ல. சாதிக் கட்டுப்பாட்டை அவர் கடைசிவரை விடவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழை மக்களின் பிள்ளைகளுக்கு அவருடைய பள்ளிக் கதவு திறக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வேதம் சொல்ல முன்வந்த பாதிரிமார்களிடம் அத்தனை கற்றவர், இதை மட்டும் கற்காமல் விட்டார்.

ஆனால் பசிக்கு முன்னால் பேசாமல் இருப்பவர் அல்ல. 1877-ம் ஆண்டுப் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

1879 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். வயது 57 நிறையவில்லை.

அதற்குப் பிறகு சைவப் பள்ளிக்கூடங்கள் யாழ்ப்பாணமெங்கும் பெருகின. 1960-61-ல் இலங்கை அரசாங்கம் பெரும்பாலான தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. ஆனால் சமயபாடம் போகவில்லை. அங்கே இன்றும் பௌத்தப் பிள்ளை பௌத்தமும், கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவமும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாமும் படிக்கிறார்கள். சைவப் பிள்ளைகளுக்குச் 'சைவநெறி' என்று தனிப் பாடம்.

தமிழ்நாட்டிலும் ஒரு பள்ளி உண்டு. 1864-ல் சிதம்பரத்தில் அவர் தொடங்கியது. அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடந்து வருகிறது.