மேடை ஒளியிலிருந்து பட்டாடைக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகள் இறுக்கமான இடைக்கச்சுகளால் உடலை வருத்திக்கொண்டிருந்தார்கள். அந்நாளில் வெனிஸ் நகரிலிருந்து புதுவகைப் பட்டாடை ஒன்று வெளிவந்தது. உள்ளே கச்சு இல்லை. தோளிலிருந்து பாதம்வரை நீர் வழிவதுபோல் நுண்ணிய மடிப்புகள். 'டெல்ஃபோஸ்' என்ற அந்த ஆடையோடு சேர்த்து உலகம் நினைவுகூரும் பெயர் மரியானோ ஃபோர்ட்டூனி. அவர் தையற்கலை பயின்றவரல்லர். ஓவியர், மேடை அமைப்பாளர், புகைப்படக் கலைஞர் எனப் பல துறைகளில் உழைத்தவர்.

1871ஆம் ஆண்டு ஸ்பெயினின் கிரனாடா நகரில் அவர் பிறந்தார். அல்ஹம்ரா மாளிகை நிற்கும் அதே நகர். தந்தையும் புகழ்பெற்ற ஓவியரே. மொரோக்கோவின் வாழ்வைத் தீட்டியவர். முஸ்லிம் ஸ்பெயினின் கலைப்பொருட்களைத் தேடிச் சேர்த்தவர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் சிசிலியா பிள்ளைகளோடு பாரிஸிலும், 1889 முதல் வெனிஸிலும் வாழ்ந்தார். பழைய பட்டுகளையும் வெல்வெட்டுகளையும் அவர் பொக்கிஷம்போல் காத்துவந்தார். அந்தத் துணிகளின் நடுவே வளர்ந்த பையனுக்கு நிறமும் இழையும் இளமையிலேயே பழகிப்போயின.

1892இல் ஜேர்மனியின் பைரொய்த் நகருக்குச் சென்று வாக்னரின் இசைநாடகங்களைப் பார்த்தது அவர் வாழ்வின் திருப்புமுனை. இசை, கவிதை, நடிப்பு, காட்சி யாவும் ஒரே கலையாக ஒன்றிணைய வேண்டும் என்பது வாக்னரின் கொள்கை. இசை அந்த உயரத்தைத் தொட்டிருந்தது. மேடையின் ஒளியோ பின்தங்கியிருந்தது. வர்ணம் தீட்டிய திரைகள்மீது விளக்குகள் நேராக அடித்தமையால் எல்லாம் தட்டையாகத் தெரிந்தன. ஃபோர்ட்டூனி மின்விளக்கின் ஒளியைத் துணிப்பரப்பொன்றில் விழச்செய்து, அங்கிருந்து சிதறி வரும் மென்மையான ஒளியை மேடைக்குத் தந்தார். துணியின் நிறத்தை மாற்றினால் ஒளியின் நிறமும் மாறும். வளைந்த குவிமாடம் ஒன்றை மேடையின் பின்னே அமைத்து, எல்லையற்ற வானத்தையும் காட்டினார். 1900இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' நாடகத்துக்குக் காட்சியமைத்தார்.

புகைப்படக்கலையும் அவருடைய கண்ணைப் பழக்கியது. மேகங்களையும் மனிதர்களையும் கலைப்பொருட்களின் அலங்காரக் கோலங்களையும் ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். ஒரு பரப்பில் ஒளி எங்கே தங்கும், நிழல் எங்கே இறங்கும் என்பதை மேடையும் கமெராவும் அவருக்குக் கற்பித்தன. டெல்ஃபோஸ் ஆடையில் தெரிவதும் அந்த அறிவே. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் மேட்டில் ஒளி, பள்ளத்தில் நிழல். அணிந்தவர் ஓரடி நடந்தாலும் நிறம் மாறித் தோன்றும். மெல்லிய பட்டு காற்றில் எழாதிருக்க, வெனிஸின் முரானோத் தீவுக் கண்ணாடி மணிகள் ஓரங்களில் கோக்கப்பட்டன. மடிப்புக் குலையாதிருக்க ஆடையைக் கயிறுபோல் முறுக்கிச் சுருட்டி, சிறு பெட்டியில் வைத்தார்கள்.

டெல்ஃபி நகரில் கண்டெடுக்கப்பட்ட பண்டைய கிரேக்கத் தேரோட்டியின் வெண்கலச் சிலையிலிருந்து அந்த ஆடைக்கு வடிவமும் பெயரும் கிடைத்தன. வேறு ஆடைகளுக்கு அரபு மக்களின் அபாயாவும் வட ஆபிரிக்காவின் புர்னூஸும் முன்மாதிரியாயின. டெல்ஃபோஸ் முதலில் வீட்டுக்குள் விருந்தினரை வரவேற்கும்போது உடுத்தும் ஆடையாகவே இருந்தது. நடன மங்கை இசடோரா டங்கன், ஊமைப்பட நடிகை லிலியன் கிஷ் முதலானோர் அணிந்ததால் அதன் புகழ் பரவியது. மார்செல் புரூஸ்த் தம் நாவலிலும் ஃபோர்ட்டூனியின் ஆடைகளுக்கு இடமளித்தார்.

இந்தப் புகழுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். அவர் ஹென்றியெட் நெக்ரின், பிரான்ஸ் நாட்டுப் பெண். 1902இல் வெனிஸுக்கு வந்து ஃபோர்ட்டூனியின் வாழ்க்கைத் துணையாகவும் தொழிற் துணையாகவும் ஆனவர். பெசாரோ ஓர்ஃபெய் மாளிகையில் இயங்கிய பட்டறையில் சாயமிடுதல், அச்சிடுதல், தைத்தல் ஆகிய வேலைகளை முன்னின்று நடத்தியவர். 1909இல் டெல்ஃபோஸ் ஆடைக்குப் பாரிஸில் காப்புரிமை பெறப்பட்டபோது, அது ஃபோர்ட்டூனியின் பெயரிலேயே பதிவானது. ஆயினும் அந்தப் பத்திரத்தில் அவர் தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதினார். ஆடையைக் கண்டுபிடித்தவர் ஹென்றியெட் என்றும், உரிமை அவருக்கே உரியது என்றும், அவசரம் கருதியே தம் பெயரில் பதிந்ததாகவும் அதில் தெரிவித்திருந்தார்.

உலகம் அந்தக் குறிப்பை வாசிக்கவில்லை. ஆடை ஃபோர்ட்டூனியின் பெயராலேயே விற்பனையானது. அருங்காட்சியகங்களிலும் அந்தப் பெயரோடே நின்றது. அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் ஹென்றியெட்டின் பங்கை உரத்துப் பேசத் தொடங்கினர்.

ஃபோர்ட்டூனி 1949இல் வெனிஸில் காலமானார். கணவரின் ஓவியங்களையும் படங்களையும் கருவிகளையும் சிதறவிடாது காத்த ஹென்றியெட், 1956இல் மாளிகையை வெனிஸ் நகருக்கே நன்கொடையாக வழங்கினார். 1965இல் தாமும் மறைந்தார். இன்று அம்மாளிகை ஃபோர்ட்டூனி அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஜுடெக்கா தீவில் ஃபோர்ட்டூனி நிறுவிய துணி ஆலையும் இன்றுவரை இயங்குகிறது.

வீட்டிலும் வகுப்பிலும் மேடையிலும் எத்தனையோ பணிகளைப் பெண்கள் செய்துமுடிக்கிறார்கள். பெயர் பதிவாகும் இடத்தில் வேறொருவர் பெயர் இருந்துவிடுகிறது. ஃபோர்ட்டூனி எழுதிவைத்த குறிப்பு அவருடைய நேர்மைக்குச் சான்று. அந்த நேர்மைக்குப் பிறகும் உண்மை வெளிவரப் பல பத்தாண்டுகள் சென்றன. ஆகவே மாணவியரே, நீங்கள் வரையும் படத்தின் கீழும் எழுதும் கட்டுரையின் கீழும் உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். உங்களோடு உழைத்தவரின் பெயரையும் மறவாது அருகில் எழுதுங்கள்.