ஹேக்கல் கண்ட கிளையும் காணாத கிளையும்

கொழும்பின் வடகோடியிலே, களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில், 'விஸ்ட் பங்களா' என்ற பெயருடைய மாளிகை ஒன்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே புகழ்பெற்று விளங்கியது. ஆங்கிலேய அதிகாரிகள் ஞாயிறுதோறும் கூடி விஸ்ட் என்னும் சீட்டாட்டம் ஆடியமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது என்பர். 1881ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அம்மாளிகைக்கு ஒரு விருந்தினர் வந்து சேர்ந்தார். குரங்குக்கும் மனிதனுக்கும் குடிவழி ஒன்றே என்று ஐரோப்பா முழுவதும் கேட்கும்படி முழங்கிய ஜேர்மனியப் பேராசிரியர் ஏர்ண்ஸ்ட் ஹேக்கல் என்பவரே அவர்.

யான் வாழ்வது முகத்துவாரத்துக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸில். ஹேக்கலின் காலத்தில் இங்கே களனியைக் கடப்பதற்குப் படகுகளைப் பிணைத்துக் கட்டிய பாலமே இருந்தது. இரும்பாலான விக்டோரியாப் பாலம் 1895இலேதான் திறக்கப்பட்டது. கூர்ப்புக் கொள்கையைப் பாடமாகக் கேட்கும் மாணவரிடம், அதனைப் பரப்பிய பெருந்தலைவருள் ஒருவர் நம் பேட்டைக்கு அண்மையில் தங்கினார் என்று சொன்னால், அவர்கள் கண்கள் விரிவதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் அம்மனிதரின் வாழ்வை வியப்போடு மட்டும் சொல்லி முடித்தல் தகாது. அவர் கண்டது எது, காணத் தவறியது எது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

ஹேக்கல் 1834ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் பொட்ஸ்டாம் நகரிற் பிறந்தார். தந்தையாரின் விருப்பத்துக்கிணங்கி மருத்துவம் பயின்றார். உள்ளமோ கடல்வாழ் நுண்ணுயிர்களிடம் சென்றது. நுணுக்குக்காட்டியும் தூரிகையும் அவருக்கு இரு கைகளாயின. 1862இல் அவர் வெளியிட்ட ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களைப் பற்றிய பெருநூல் அவரை அறிஞர் அவையில் அமர்த்தியது. அவ்வாண்டிலேயே தாம் காதலித்த அன்னா சேத்தே என்பாரை மணந்தார். யேனாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவியும் கிடைத்தது.

அவ்வின்பம் ஈராண்டுகூட நீடிக்கவில்லை. 1864ஆம் ஆண்டு, அவருடைய முப்பதாவது பிறந்தநாளன்றே, அன்னா மறைந்தார். துயரத்திலிருந்து தப்புவதற்கு அவர் கண்ட வழி உழைப்பு ஒன்றே. இரவு பகல் பாராது எழுதி, 1866இல் இரு பெருந்தொகுதிகளாக உருவியல் நூலொன்றை வெளியிட்டார். சூழலியல் என்று நாம் இன்று வழங்கும் துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அந்நூலிலேதான் முதன்முதற் பிறந்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்து சென்று டார்வினை நேரிற் கண்டார். பல ஆண்டுகள் கழித்துத் தாம் ஆராய்ந்த சொறிமுட்டை இனமொன்றுக்கு அன்னாவின் பெயரையே சூட்டினார். அதன் நீண்ட இழைகள் அவருக்கு மனைவியின் கூந்தலை நினைவூட்டின.

உயிர்களின் உறவை மரமாக வரைந்து காட்டியதே ஹேக்கலின் பெருஞ்சாதனை எனலாம். வேர் ஒன்று, அடிமரம் ஒன்று, கிளைகள் பல. உச்சிக்கு அருகிலே மனிதனும், அவனை ஒட்டிய கிளைகளிலே கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், கிப்பன் ஆகிய வாலில்லாக் குரங்குகளும் இடம்பெற்றன. மனிதனுக்கும் குரங்குக்கும் இடைப்பட்ட ஓருயிர் இருந்திருக்க வேண்டும் என ஊகித்து, பேச்சறியாத குரங்கு மனிதன் என்ற பொருளில் அதற்குப் பெயரும் இட்டார். அவருடைய எழுத்தால் ஊக்கம் பெற்ற டச்சு மருத்துவர் இயூஜின் துபுவா கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டார். 1891இல் ஜாவாத் தீவின் திரினில் என்னுமிடத்தில் தொல்மனிதனின் மண்டையோட்டு மூடியைக் கண்டெடுத்தார்.

தமிழ் இலக்கிய அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. இலெமூரியா என்ற பெயரை நம்மவர் குமரிக் கண்டத்தோடு இணைத்துப் பெரிதும் பேசியுள்ளனர். நமது தேவாங்குக்கு உறவான லீமர் என்னும் விலங்கு மடகாஸ்கரிலும், அதன் இனத்தன இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் கூறவே ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கிலேயர் 1864இல் அப்பெயரைப் படைத்தார். மூழ்கிப்போன அந்நிலமே மனிதகுலத்தின் தொட்டிலாகலாம் என்று எழுதி அதனை உலகறியச் செய்தவர் ஹேக்கல். கண்டங்கள் நகர்கின்றன என்ற அறிவு நிலைபெற்றபின் அக்கருத்து வலுவிழந்தது.

இலங்கைக்கு வந்த ஹேக்கல் விஸ்ட் பங்களாவிலே சில நாள் தங்கினார். பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டு களித்தார். பின்னர்த் தென்கரையிலுள்ள வெலிகாமத்தின் தங்குவிடுதியிலே ஆய்வுகூடம் அமைத்துக் கடலுயிர்களைத் திரட்டினார். அங்கே இறைச்சிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது குரங்கிறைச்சியையும் உண்டு பார்த்தார். தம் உறவினத்தை உண்பது போன்ற கூச்சம் தமக்கு உண்டாயிற்று என்பதையும் அவர் தம் பயண நூலிலே மறைக்கவில்லை. உறவை அறிவால் ஒப்பிய ஒருவர், அவ்வுறவினரை உணவுத்தட்டிலே கண்டும் நகைச்சுவையோடு கடந்து சென்றார் என்பதை யான் படித்தபோது நெடுநேரம் சிந்தனையில் ஆழ்ந்தேன்.

1900ஆம் ஆண்டில், அறுபத்தாறு வயதிலே, அவர் ஜாவாவுக்குச் சென்றார். அங்கே உயிருள்ள சாம்பல்நிறக் கிப்பன் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். அது நிமிர்ந்து நிற்கும் விதமும் நடக்கும் விதமும் மனிதக் குழந்தையை ஒத்திருப்பது கண்டு மகிழ்ந்தார். அவர் எண்ணத்துக்கு அது வலிய சான்று. ஆனால், அக்கிப்பன் தனியே இருந்தது. அதன் தாய் எங்கே, துணை எங்கே, யாருடன் கூடி அது வாழ வேண்டியது என்ற வினாக்கள் அக்கால உயிரியலிலே எழவில்லை. எலும்பையும் கருவையும் ஒப்பிட்டு உறவு கூறிய அறிவியல், அவ்வுயிர்கள் தம்முள் கொண்ட உறவைக் கேட்க மறந்தது.

வினா எழுந்தது சற்றுப் பின்னரே. ஹேக்கலின் நாட்டவரான வொல்ஃப்காங் கேலர் 1913 முதல் தெனரிஃப் தீவிலே சிம்பன்சிகளைக் கூட்டமாக வைத்து ஆராய்ந்து, தனித்துவிடப்பட்ட சிம்பன்சி முழுமையான சிம்பன்சியே அன்று என்னும் முடிவுக்கு வந்தார். நம் நாட்டிலே பொலநறுவையின் இடிபாடுகளிடையே வாழும் குரங்குகளை 1968 முதல் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகின்றனர். தாயின் தகுதி மகளுக்குச் சேர்வதும், பேன் பார்த்தல் வெறும் துப்புரவுத் தொழிலாகாது நட்பை வளர்க்கும் செயலாதலும் இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவாயின. குரங்கின் வாழ்வு சுற்றத்தின் வாழ்வு.

ஹேக்கல் கண்ட அதே சாம்பல்நிறக் கிப்பன் இன்று அருகிவரும் இனம். அது துணையோடும் குட்டிகளோடும் சிறு குடும்பமாக வாழ்வது. பெண் கிப்பன் காலையிலே நெடிய குரலெழுப்பித் தன் குடும்பத்தின் எல்லையைக் காட்டிலே அறிவிக்கும். குட்டியைப் பிடிக்க வருவோர் பெரும்பாலும் தாயைக் கொன்றே பிடிக்கின்றனர். வீட்டுக் கூட்டிலே வளர்ந்த அநாதைக் கிப்பன் மனிதர் முகத்தை அறியும். தன் இனத்தின் முகத்தை அறியாது. இவற்றை மீண்டும் காட்டுக்கு அனுப்புவதற்கென மேற்கு ஜாவாவில் 2003இல் ஒரு நிலையம் தோன்றியது. நோய் தீர்த்தலும், உயரத்திலே தாவப் பழக்குதலும், காட்டுணவை அறிமுகம் செய்தலும் அங்கே நடைபெறும் பணிகள். எல்லாவற்றிலும் கடினமானது இணை சேர்த்தல். இரு கிப்பன்களை அயல் அயலாக வைத்து, ஒன்றையொன்று ஏற்கின்றனவா என்று பொறுமையோடு பார்த்திருக்க வேண்டும். ஏற்காவிடின் வேறு துணை தேட வேண்டும். இணையாகாத கிப்பனைக் காட்டில் விடுதல் அதனைக் கைவிடுதலுக்கு ஒப்பாகும். 2009இல் அங்கிருந்து முதன்முதலாகக் காடு திரும்பியது தனியொரு கிப்பன் அன்று, ஓர் இணை.

இவ்வுண்மையைத் தமிழ்ப் புலவர் ஒருவர் முன்னரே உணர்ந்திருந்தார். குறுந்தொகையின் 69ஆம் பாட்டிலே, கடுவனை இழந்த மந்தி, இன்னும் எதையும் கற்றறியாத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. மந்தி உயிர்விடுதல் கவிஞரின் கற்பனையாகலாம். தாயற்ற குட்டிக்குச் சுற்றமே கதி என்பது இன்றைய ஆராய்ச்சியும் ஒப்பும் உண்மை. அச்சுற்றத்துக்குப் புலவர் இட்ட சொல் கிளை. மரத்தின் பிரிவுக்கும் உறவினர் கூட்டத்துக்கும் தமிழில் அச்சொல் ஒன்றே.

ஹேக்கலின் குறை இதனோடு நின்றுவிடவில்லை. மனித இனங்களையும் மேல் கீழ் என்று படிகளில் அடுக்கி, சிலரைக் குரங்குக்கு அருகிலே நிறுத்தினார். அவர் தூக்கிப் பிடித்த படிகளில் நம் போன்றோருக்குக் கிடைத்த இடம் உயர்ந்ததன்று. கருவின் படங்களைத் தம் கொள்கைக்கு ஏற்பத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டும் அவரைத் தொடர்ந்தது. இவற்றை மூடி மறைத்து அவரைப் போற்றுதல் கற்பிப்போர்க்கு அழகன்று. அதுபோலவே, அவர் கடலுயிர்களின் எழிலைத் தீட்டிய ஓவியங்களையும், உயிர்கள் யாவும் உறவின என்று அஞ்சாது உரைத்த துணிவையும் மறுத்தலும் நேர்மையன்று.

1894இல் அவருடைய அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு ஓவியர் காபிரியேல் வொன் மாக்ஸ் ஓர் ஓவியம் பரிசளித்தார். ஹேக்கல் ஊகித்த குரங்கு மனிதரே அதன் பொருள்: தந்தை நிற்கிறான், தாய் அமர்ந்து குழந்தையை அணைத்துப் பாலூட்டுகிறாள். ஓவியர் தனியுருவை வரையாது குடும்பத்தை வரைந்தார். மனைவியை இழந்து கலங்கிய ஹேக்கல், பிரிவென்பது யாது என்று அறியாதவர் அல்லர். எனினும் அவ்வறிவைத் தம் ஆராய்ச்சிப் பொருளான உயிரிடம் கொண்டுசெல்ல அவருக்குத் தோன்றவில்லை.

1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அவர் யேனாவிலே காலமானார். குரங்கு நமக்கு உறவு என்று அவர் நிலைநாட்டிய பாடத்தை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டிய பாடம் இன்னொன்று உண்டு: அவ்வுறவினர்க்கும் உறவினர் உண்டு, அவர்களிடமிருந்து பிரித்து வைத்துக்கொண்டு அன்பு செலுத்தினாலும் அது சிறையே. கூட்டிலிருந்து ஓர் உயிரை விடுவிக்க முனைவோர், கூட்டின் கதவைத் திறக்குமுன் அதன் கிளையைத் தேடிக் கொடுத்தல் வேண்டும்.