சைக்கிளைத் தள்ளிக்கொண்டே உலகம் சுற்றியவர்

சைக்கிளில் முதன்முதலில் உலகைச் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1854-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். நம்ம சைக்கிள் மாதிரின்னு நினைச்சுடாதீங்க! முன்சக்கரம் மட்டும் 50 அங்குலம், என் தோள் உயரம். பெடல் அதிலேயே இருக்கும், செயின் கிடையாது. டயரில் காற்றும் கிடையாது, கெட்டி ரப்பர்தான்.

1884 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினார். மாற்றுச் சட்டை, காலுறை, கைத்துப்பாக்கி, ஒரு மழைக்கோட்டு. ராத்திரி அந்தக் கோட்டுதான் கூடாரமும் படுக்கையும்! ஆகஸ்டில் பாஸ்டன் சேர்ந்தார். சுமார் 3,700 மைல். ஒழுங்கான ரோடு இல்லாததால் அதில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிக்கொண்டே நடந்தாராம். பஞ்சரானா கடை வரைக்கும் தள்ளவே நான் முனகுவேன்.

அடுத்த வருஷம் இங்கிலாந்திலிருந்து ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் என்று மிதித்தார். ஆப்கானிஸ்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆள் அசரவில்லை. வந்த பக்கமே திரும்பிப் போய், கப்பலேறி இந்தியா வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் மிதித்தார். பிறகு சீனா, ஜப்பான். 1886 டிசம்பர் 17-ல் யோகோஹாமாவில் பயணம் முடிந்தது. 1935-ல் காலமானார்.

நடுவில் ஆப்கானிஸ்தான் விட்டுப்போச்சே, அது எப்படி முழுச் சுற்று ஆகும்னு என் தம்பி சண்டைக்கு வர்றான். ஆகும்னுதான் நான் சொல்றேன்.